டைனோசர் பை

சலீனாஸ், ஏப்ரல் 27

என் நயேலி கண்ணுக்கு அம்மா அம்பாரோ எழுதுறது. இங்க அப்பா, நான், தம்பி எலிசேயோ மூணு பேரும் நல்லா இருக்கோம். நாலு பக்கமும் தண்ணிக்கு நடுவுல இருக்கிற நீயும் நல்லா இருக்கணும்னு தினம் காலையில குவாதலூப்பே மாதாகிட்ட சொல்லிட்டுத்தான் ஸ்கூல் பஸ்ஸுக்குச் சாவி போடுறேன். கப்பல்ல போன் எடுக்காதுன்னு தெரியும், அதான் பேனாவை எடுத்தேன். போன்ல சொன்னா நீ "சரிம்மா"ன்னு வெச்சுடுவே, கடுதாசியை அப்படி வெச்சுட முடியாது பாரு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, டைல்ஸ் வேலையில முட்டி போட்டே முப்பது வருஷம் ஆச்சு, டாக்டர்கிட்ட போங்கன்னா அடுத்த வீட்டுச் சமையலறைத் தரை முடியட்டும்கிறார், எந்த அடுத்த வீடுன்னு அவருக்கே தெரியாது. முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடுறேன், பாதியில நிறுத்திட்டு நீ வேலைக்கு ஓடுவே. தம்பிக்கு அவன் ஆசைப்பட்ட பல்கலைக்கழகத்துலேயே இடம் கிடைச்சிருச்சு! இன்ஜினியரிங், நேரா மூணாம் வருஷம். ரெண்டு வருஷமா என் நெஞ்சுக்குள்ள கிடந்த கல்லு இறங்கிருச்சுடி.

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. சாயங்காலம் டிப்போவுல பஸ்ஸுக்குள்ள கூட்டிப் பெருக்கிட்டு இருந்தேன். இவன் பாட்டுக்கு ஏறி வந்து கடைசி சீட்டுல உட்கார்ந்துகிட்டு, அம்மா கிடைச்சிருச்சுங்கிறான். தினமும் பிள்ளைங்க எதையாவது விட்டுட்டுப் போகும், ஸ்வெட்டர், டிபன் டப்பா, போன வாரம் ஒரு பல்லு கூட. நான் திரும்பிக்கூடப் பார்க்காம, கிடைச்சா முன்னாடி இருக்கிற பெட்டியில போடுடான்னேன். இவன் சிரிக்கிறான், சிரிச்சுகிட்டே அழுறான். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. துடைப்பத்தோடயே அவனைக் கட்டிக்கிட்டேன், சட்டையெல்லாம் குப்பை. அன்னிக்கு அப்பா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம போய் ஒரு பன்னித் தலை வாங்கிட்டு வந்துட்டார், சோளம் போட்டுப் போசோலே சூப்பு வெச்சு தெருவுக்கே ஊத்தினோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயாலேயே சொல்றேன். கிழக்குக் கடற்கரையில பேர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம் இவனை வான்னுது, ஆனா இவன் கேட்ட இன்ஜினியரிங் இல்ல, வந்து பார்த்துக்கலாம்னுது. இவன் ஆசைப்பட்டது நம்ம மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு, அவங்க இல்லைன்னுட்டாங்க. நீ போன அதே இடம்தான். இவன் என்ன பண்ணான், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து சமையல் மேசையில காகிதத்தைப் பரப்பினான். நம்ம ஊர் காலேஜ்ல ரெண்டு வருஷம் படிக்கிறேன், பெரிய பல்கலைக்கழகம் எந்தெந்தப் பாடத்தை ஒத்துக்குதுன்னு பட்டியலே இருக்கு, அதை மட்டும் படிச்சா மூணாம் வருஷத்துக்கு அவங்களே எடுத்துக்குவாங்க, முன்வாசல்ல ஆயிரம் பேரு முட்டி மோதுறாங்க, நான் பக்கத்து வாசல்ல வரேன், வீடு ஒண்ணுதானேம்மா அப்படின்னான். பக்கத்து வாசல்ல திருடன்தாண்டா வருவான்னு கத்தினேன். கையில இருக்கிறதை விட்டுட்டு வருமோ வராதோங்கிறதை நம்புறியே, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடும்டான்னேன். அப்பா மட்டும் மெதுவா, அடியில மட்டம் பார்க்காம பதிச்ச டைல்ஸ் எவ்வளவு விலையானாலும் வெடிக்கும் அம்பாரோன்னார். அவரையும் ஒரு வாரம் பேசாம காயப் போட்டேன்.

அதுக்கு மேல உங்க அத்தை கூத்து. எல்லைக்கு அந்தப் பக்கம் நம்ம சொந்த ஊர் உருவாப்பான்ல இருக்கிற ஒர்தென்சியா அத்தைக்கு அப்பா போன் போட்டு, பையன் இங்கேயே காலேஜ் போறான்னு சொல்றேன் பேர்வழின்னு நம்ம பாஷையில "கொலேஹியோ"ன்னு சொல்லிட்டார். அங்க கொலேஹியோன்னா டவுசர் போட்ட பிள்ளைங்க போற பள்ளிக்கூடம்! அவ்வளவுதான், எலிசேயோ பெயிலாகி மறுபடி ஸ்கூலுக்குப் போறான்னு உருவாப்பான் முழுக்கப் பரவிருச்சு. எனக்குத்தான் வாய்ச்ச நாத்தனாராச்சே, சும்மா இருப்பாளா, அங்கிருந்து இங்க வந்தவங்க கையில ஒரு பை கொடுத்தனுப்பினா. பச்சைக் கலர், முன்னாடி டைனோசர் பல்லைக் காட்டிகிட்டு நிக்குது, வால்ல பென்சில் வைக்க ஜிப்பு வேற. மானம் போச்சேன்னு அதைக் குப்பையில போடப் போனேன். உன் தம்பி பிடுங்கிட்டான். ரெண்டு வருஷமும் கால்குலஸ் புத்தகத்தை அதுலதான் தூக்கிட்டுப் போனான், படுபாவி. காலேஜ்ல அவனுக்குப் பேரே டைனோசராம்.

இப்ப உனக்குச் சொல்ல வேண்டியதுக்கு வரேன், இதை எழுதத்தான் மூணு நாளா காகிதத்தை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்கேன். அப்பாவை விட்டா அவன் பக்கம் பேசினவ நீ ஒருத்திதான். ஏதோ துறைமுகத்துல இறங்கி போன் பண்ணி, அவனை அவன் போக்குல விடுங்கம்மா, அந்தக் கூட்டத்துல தனியா உட்கார்றது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுன்னே. அதுக்கு நான், ஓடி வந்தவ நீ, உனக்கென்னடி தெரியும்னேன். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், ஆனா கடிச்ச நாக்கால மன்னிப்புக் கேட்கலையே. பதினெட்டு வயசுல உன்னை அந்தப் பெரிய இடத்துக்கு அனுப்பினப்போ நான் எதை எடை போட்டேன் சொல்லு. அத்தைகிட்ட சொல்ல ஒரு பேரு, அவ்வளவுதான். நானூறு பேரு உட்கார்ந்த கெமிஸ்ட்ரி வகுப்புல உன் பேரு தெரிஞ்சவங்க ஒருத்தர் இல்லைன்னு நீ அழுதே, நான் புத்தகத்தைப் பாருன்னேன். ஜனவரியில பெட்டியோட வந்து நின்னே, தலை காட்ட முடியாம பண்ணிட்டியேன்னு கேட்டேன், சாப்பிட்டியான்னு கேட்கல. கடற்படையில சேர்ந்ததும் நீ கப்பல்லயே படிக்கிறேன்னு உருவாப்பானுக்குப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பினாங்க, தம்பியைப் பத்தின உண்மையை நம்பலை, சாமி எனக்கு வெச்ச பாடத்தைப் பாரு. போன ஞாயித்துக்கிழமை அத்தைக்கு நானே போன் பண்ணி, நயேலி படிக்கலை, கப்பல்ல எஞ்சின் பார்க்கிறா, என் மக கையால ஒரு கப்பலே ஓடுதுன்னு சொல்லிட்டேன். அப்படியா, எவ்வளவு பெரிய கப்பல்னு கேட்டா.

தம்பியோட காகிதம் ஒண்ணு வாங்க காலேஜுக்குப் போனேன். அங்க பிள்ளைங்களுக்கு எதைப் படிக்கலாம்னு வழி சொல்ற கவுன்சிலர் அம்மா கையைப் பிடிச்சு நன்றி சொன்னேன், அப்புறம் வாய் சும்மா இருக்காம உன்னைப் பத்தியும் கேட்டேன், கோவிச்சுக்காதே. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய இடத்துல பாதியில விட்டா அதெல்லாம் போன மாதிரிதானேன்னேன். பாஸ் பண்ணது ஏதாவது இருக்கான்னாங்க. கெமிஸ்ட்ரி போச்சு, மீதி மூணும் பாஸ்னேன். பாஸ் பண்ண பாடம் எங்கேயும் போகாதும்மா, அந்த மூணும் இன்னும் உங்க மக பேர்லதான் இருக்கு, இங்கேயே சேர்த்துக்கலாம்னாங்க. நான் வண்டியில வந்து உட்கார்ந்து அழுதேன் நயேலி. மூணு மாசம் தனியா கிடந்து நீ மூணு பாடம் பாஸ் பண்ணியிருக்கே, நான் அந்த ஒண்ணை மட்டும்தானே ஆறு வருஷமா எண்ணிகிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சுடு கண்ணு.

நவம்பர்ல உன் கடற்படைக் காலம் முடியுது. அப்புறமும் கப்பல்தான்னா கப்பல்லயே இரு, உனக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் சந்தோஷம். வா, படின்னு சொல்ல மாட்டேன், ஒருதரம் தள்ளி விட்டது போதும். ராத்திரி டியூட்டின்னா வெறும் காப்பியைக் குடிக்காதே, எதையாவது மெல்லு. காதுக்குப் பஞ்சு வெச்சுக்கோ, அந்த எஞ்சின் சத்தம் பொல்லாதது. அப்பாவும் தம்பியும் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. மாதா உன் தலைக்கு மேல தன் முக்காட்டை விரிச்சுக் காக்கட்டும், அலை அடங்கியே இருக்கட்டும், போற இடமெல்லாம் உன் பேரு தெரிஞ்சவங்க இருக்கட்டும்.

ஆகஸ்ட்ல தம்பி கிளம்புறான், பெரிய இடத்துக்குப் பெரிய பையா புதுசு வாங்கிக்கிட்டான். டைனோசரைத் துவைச்சுக் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்ல, நீ பாஸ் பண்ண மூணு பாடத்தோட பேரை மட்டும் ஒரு சீட்டுல எழுதி வால் ஜிப்புல வெச்சிருக்கேன்.

உன் அம்மா,
அம்பாரோ