வறண்ட குழாயில் கட்டிய ரசீது

அக்கா,

இன்று காலை தெருக்குழாயடியில் நின்றபோது, அதன் கழுத்தில் நீங்கள் சுற்றிய பனியன் வேஸ்ட் துணியைத் தொட்டுப் பார்த்தேன். நீலம் வெளுத்துவிட்டது. முடிச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி டெய்லர் வேலைக்கு வந்து, இந்த நெருப்பெரிச்சல் ஊரில் வரிசையாக நிற்கும் உங்கள் லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறிய வருடமே நமக்குள் சண்டை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டே வீட்டு வரியையும் கட்டிவிட்டு வந்தீர்கள்.

"தண்ணி தராதவனுக்கு எதுக்குக்கா வரி? கட்டாம விடுங்க, தன்னால வருவான்" என்று கத்தினேன்.

"கட்டாம இருந்தா அவங்களுக்குத்தான் தோது கண்ணு. கட்டிப்போட்டுக் கேட்டாத்தான் பதில் சொல்லோணும்" என்றீர்கள்.

ரசீதை ஜெராக்ஸ் எடுத்து, கம்பெனி வேஸ்ட் துணியால் அந்த வறண்ட குழாயில் கட்டினீர்கள். தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மூன்றாம் நாள் பஞ்சாயத்து ஆள் ஸ்பேனரோடு வந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு குழாய் மறுபடி வறண்டது. கேட்கப் போனேன். "ஊட்டுக்காரங்க வந்து கேக்கட்டுமுங்க. குடியிருக்கறவங்க என்ன, வரியா கட்டறீங்க?" என்றார் கிளார்க். திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அழுகை, உங்கள் மேல் கோபம் வேறு. ரசீதோடு எங்கள் கேள்வியையும் கொண்டுபோய்விட்டீர்களே என்று.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தேன். போன வருட போனஸில் வாங்கிய மிக்சியின் பில் கிடைத்தது. அடியில் வாட் வரி என்று தனியாகப் போட்டிருந்தார்கள். இத்தனை வருடமும் நானும் கட்டித்தான் வந்திருக்கிறேன்!

நேற்று அதைக் கொண்டுபோய் கிளார்க்கின் மேஜையில் வைத்தேன். "இந்தாங்க, நான் கட்டுன வரி. தண்ணி எங்க?"

அவர் சிரித்துவிட்டார். "இது சென்னைக்கு, கவர்மெண்டுக்குப் போறதுங்க. எங்களுக்கு வராதுங்க."

"எங்க போனா எனக்கென்ன? என் கையை விட்டுத்தான போச்சு? அங்க கேட்டு வாங்குங்க. வாங்கி எங்க தெருவுக்குத் தண்ணி விடுங்க."

பில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்த வேகத்தில், குழாயில் உங்கள் முடிச்சுக்குள்ளேயே செருகினேன். இந்த முறை தெரு சிரிக்கவில்லை. குக்கர் வாங்கிய பில், ஃபேன் வாங்கிய பில், பவுடர், சோப்பு என்று லைன் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து செருகினார்கள். இன்று காலை எண்ணினேன், பதினொன்று.

தண்ணீர் இன்னும் வரவில்லை. மழை பெய்தால் எல்லாம் நனைந்து கிழியும். கிழியட்டும் அக்கா. சோப்பு தீரத் தீரப் புது பில் வரும்.