பாலம் இடிந்ததை விட்டுவிட்டாள்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் பிள்ளைகள் சேதி. அக்காவின் பெரியவளுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அண்ணன் மகன் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான், முதலில் வந்தவனுக்குக் கால் நீளம், அதனால் நம்மவன்தான் முதல் என்று நான் சொல்லிவிட்டேன். அக்காவின் சின்னவள், நம் வாலு, இங்கிலீஷில் இருபதுக்குப் பதினெட்டு.

அந்தப் பதினெட்டுக்கு முன்னால் ஒரு முட்டை வாங்கினாள், அதையும் சொல்ல வேண்டும். சம்மரைஸ் பண்ணு என்று டீச்சர் ஒரு பாடம் கொடுத்தாளாம். அப்படியென்றால் என்னடி என்றேன். பெருசா இருக்கறத முழுசா படிச்சிட்டு, முக்கியமானத விடாம, நம்ம சரக்கு எதுவும் சேர்க்காம கொஞ்சத்துல சொல்றது பாட்டி, ஐந்தாவது படிச்ச உனக்கு இது கூடத் தெரியாதா என்றாள். பாடம் ஒரு பாலம் இடிந்த கதை. இவள் பாலம் எவ்வளவு நீளம், யார் கட்டியது, எத்தனை தூண் எல்லாவற்றையும் அழகாக எழுதிவிட்டு, இடிந்ததை விட்டுவிட்டாள். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எதுவும் வருவதில்லை, நேற்று பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அக்கா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

உன் அப்பாவும் அப்படித்தான் செய்தார் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அன்று லேத் பட்டறையிலிருந்து வந்தவர், மெஷினுக்குப் பெல்ட் மாற்றியது, டீ ஆறிப்போயிருந்தது எல்லாம் சொன்னார், நெஞ்சைத் தடவுகிறீர்களே என்றதற்கு மட்டும் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன் என்றார். நானும் சரி என்று சோறு போட்டேன். விடிந்தபோது இல்லை.

அப்பா காரியத்துக்கு வந்தபோதே உன் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தாய், பார்த்தேன். திரும்பிப் போனதிலிருந்து போனில் அங்கே மழை என்கிறாய், பஸ் லேட் என்கிறாய், சாப்பிட்டாயா தூங்கினாயா என்றால் நல்லா இருக்கேம்மா, ஒண்ணுமில்ல என்கிறாய். அதே குரல். சுருக்கிச் சொல்வது முழுசும் தெரிந்தவர்களுக்குச் சரிடா, எனக்கு இன்னும் பாடமே வந்து சேரவில்லை. வேலை போயிருந்தாலும் எழுது, அழுதாலும் எழுது, எத்தனை பக்கமானாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். ஊருக்கு வர லீவு கிடைக்காவிட்டால் அண்ணனை அனுப்பி வைக்கிறேன், அவன் தயாராகத்தான் இருக்கிறான்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி தலையைத் துவட்டாமல் படுக்காதே. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. முகத்தை மட்டும் வெட்டி அனுப்பாதே, தலையிலிருந்து கால்வரை நின்று எடுத்தது வேண்டும்.

தபால்காரரைப் பார்த்தபடி,
உன் அம்மா