நூர்ஜஹான் அக்காவின் புதுக் கண்ணாடி

செவ்வாய், தியாகதுருகம்.

போன மாதம் எங்கள் அச்சுக்கடைக் கம்ப்யூட்டர் வேகமாக ஓடட்டும் என்று, எழுத்தின் ஓரங்களை வழவழப்பாகக் காட்டும் செட்டிங்கை நான்தான் அணைத்தேன். அப்புறம் மறந்தே போனேன். கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கும் நூர்ஜஹான் அக்கா, "எழுத்தெல்லாம் பிசிறு பிசிறா தெரியுதுங்க" என்று தினமும் சொன்னார். "வயசாவுதுல்ல அக்கா, கண் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சிரித்தேன்.

நேற்று தற்செயலாக அந்த செட்டிங் கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டேன்.

இன்று அக்கா புதுக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். "இன்னா தெளிவா இருக்குது பாருங்க. நீங்க சொல்லலன்னா அப்படியே வுட்டிருப்பேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

மதியம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டும்வரை நான் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன்.