காலணிக் கடையில் நான் போட்ட சத்தம்

யானினா,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சொரிசோ சாஸேஜ் போட்ட பருப்புக் குழம்பு இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு கால்பந்து ஆட்டத்துக்குப் போ. சாவியை எதிர்வீட்டு நெலிதாவிடம் கொடு.

நேற்று கடையில், "ஒரே ஆட்டத்துல பூட்ஸ் அடி பிஞ்சுபோச்சு, ஏமாத்துறீங்களா?" என்று அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கத்தினேன். "அப்பா, போதும்ப்பா. இவ ரொமினா, எங்க டீம் கோல்கீப்பர்" என்று நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அப்படியும் நான் அடங்கவில்லை. அவள் கண் கலங்கிப் புது ஜோடியை எடுத்துக் கொடுத்தாள்.

இன்று காலை கணப்பில் சாம்பல் அள்ளும்போது, ஓரக் கல்லில் பூட்ஸ் அடியின் பசை உருகி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நனைந்த உன் பூட்ஸை அங்கே காயவைத்தது நான்தான்.

உடனே கடைக்குப் போய்ப் புது ஜோடியைத் திருப்பிக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் ரொமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பில் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பழைய பூட்ஸை ஒட்டி வாசலில் வைத்திருக்கிறேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

அப்பா

பி.கு. இன்று ரொமினாவைப் பார்த்தால் எனக்காகப் பரிந்து பேசாதே. அவள் கோபம் நியாயமானது.