வல்லிபுரம் அண்ணரின் கடைசி அடி

மட்டக்களப்பு
20.03.1962

என் அன்பான அத்தானுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவளின் இருமல் நின்றுவிட்டது. திருப்பாடுகள் நாடகத்துக்கு நீங்கள் இசையமைத்துக் கொழும்பிலிருந்து அனுப்பிய முழு இசைத்தாளிலிருந்து, பதினெட்டு வாத்தியக்காரருக்கும் அவரவர் தாளைப் பிரித்தெழுதிக் கொடுத்துவிட்டேன். வாவிக் காற்றில் பறக்காமல் சிப்பி வைத்து வைத்து எழுதியதில் விரல் வீங்கிப்போனது.

இன்று உங்கள் கடிதம் வந்தது. நாடகசபைத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை மனம் கோணாதபடி பறைமேளத்தை எடுத்துவிட்டு எல்லாத் தாளையும் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத மாட்டேன்.

சாவீட்டில் அடிக்கிறவர் பெரிய இடத்துப் பிள்ளைகளோடு மேடையில் இருக்கக்கூடாதாம். ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குகிற இடம் சாவீடு இல்லாமல் கலியாண வீடா? உங்கள் அப்பா மோசம்போன அன்று சாவீட்டுக்குச் சித்தாண்டியிலிருந்து வந்து வல்லிபுரம் அண்ணர் அடித்ததைத்தானே நீங்கள் அந்த இடத்தில் எழுதினீர்கள்? லீவில் இங்கே வீட்டில் நின்று அதை எழுதும்போது அழுதீர்கள். எனக்கு மறக்கவில்லை.

ஒத்திகையில் நடந்ததைத் தலைவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். அண்ணரை வரவேண்டாமென்று ஆள் அனுப்பித் தடுத்துவிட்டார். ஆனால் மேளம் ஒலிக்கும்போது மற்றவர்கள் எத்தனை தாளம் ஓய்ந்திருக்க வேண்டுமென்று நான் ஒருவர் தாளிலும் எண் போடவில்லை. ‘வல்லிபுரம் அண்ணரின் கடைசி அடி கேட்டபின்’ என்றே எழுதியிருந்தேன். அந்த இடம் வந்ததும் பதினேழு பேரும் வாத்தியத்தைப் பிடித்தபடி சும்மா இருந்தார்கள். கிளாரினெட் தங்கராசாதான் வாய் திறந்தார்: “அண்ணன் எங்க? அவர் அடிக்காம நாங்க எப்பிடித் தொடங்கிற?”

தலைவரின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாற்றி எழுதித் தரச் சொன்னார், மாட்டேன் என்றேன். புருஷன் சொன்னால் எழுதுவாள் என்று நினைத்து உங்களைப் பிடித்திருக்கிறார்.

நேற்று சித்தாண்டிக்குப் போய் அண்ணரின் தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். அவருக்குச் சுரம் வாசிக்கத் தெரியாது. மேலே எழுதியிருந்த தன் பெயரை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். நாடகம் நடக்கிற பெரிய வெள்ளியன்று கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் வாருங்கள். வாத்தியக்காரருக்கு முன்னால் நின்று கோலை உயர்த்தும்போது முதலில் அவரைப் பாருங்கள். அது முடியாதென்றால் கொழும்பிலேயே இருங்கள். கை காட்டும் வேலையை நான் செய்துகொள்வேன்.

உங்கள் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். ஆண்டவர் உங்களை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி
ஜோசப்பின்