செல்லாயி விளக்கு ஏற்றவில்லை

என்னைத் தூக்கி வளர்த்த செல்லாயி அக்காவுக்கு,

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் உன் பேச்சு வந்தது. பேசியவன் நம் கொட்டகை மேஸ்திரியின் மகன். "அரியலூர் ரப்பர் கொட்டகையா? வெள்ளிக்கிழமைன்னு செல்லாயி வெளக்கு ஏத்திவச்சுல்ல எரிஞ்சுபோச்சு" என்றான். பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். அப்பன் சொன்ன பொய்யை மகனும் சொல்கிறான். இன்னும் எத்தனை தலைமுறைக்கு அக்கா?

எனக்கு மறக்குமா? ஜெர்மன் சண்டைக் காலம். பட்டாளத்துக்கு மழைக்கோட்டுத் துணி. பெட்ரோலில் கரைத்த ரப்பரைத் துணியில் பூசிக் காயவைப்பார்கள். அதை உருளையிலிருந்து உரித்தெடுப்பது உன் வேலை. உரிக்கும்போது படபடவென்று பொரியும். "மொதலாளியக் கண்டா நான் எந்திரிச்சு நிக்கணும். என்னையக் கண்டா ஏங் கை மயிரு எந்திரிச்சு நிக்குது பாருடி!" என்று சிரிப்பாய்.

வீட்டு வாசலைப் போலவே கொட்டகை மண்தரைக்கும் காலையில் நீதான் தண்ணீர் தெளிப்பாய். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றவரை உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்திரி வெயிலில் மேஸ்திரி வந்தான். "சேத்துக்காலு துணியில படுது. இனிமே தண்ணி தெளிக்கக் கூடாது. இந்தா ரப்பர் செருப்பு, எல்லாரும் போட்டுக்கங்க."

பெரிய தெருவில் நம்மைச் செருப்போடு நடக்க விடாதவர்கள் கையாலேயே செருப்பு! எப்படிப் பூரித்துப்போனாய்!

மறுநாள் மத்தியானம் உனக்குக் கூழ் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நின்றேன். துணியை உரித்துவிட்டு, பெட்ரோல் பீப்பாயின் மூடியை எடுக்கக் கை நீட்டினாய். உன் விரல் நுனிக்கும் அந்த இரும்புக்கும் நடுவே நீலமாக ஒரு பொறி. அவ்வளவுதான், கொட்டகையோடு நீயும் எரிந்துபோனாய். பட்டப்பகலில் எந்த விளக்கு? விசாரிக்க வந்த அதிகாரியிடம் கண்டதைச் சொன்னேன். "சின்னப் புள்ள, பயத்துல உளறுதுங்க" என்று மேஸ்திரி குறுக்கே புகுந்தான்.

இப்போது என் பேத்தி ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "உரிச்சா, தேய்ச்சா கரண்டு உண்டாகும் அம்மாயி. ஈரத்தரையில வெறுங்காலுன்னா மண்ணுக்குள்ள எறங்கிடும். காஞ்ச தரையில ரப்பர் செருப்பப் போட்டா ஒடம்புலயே நிக்கும். இரும்பத் தொட்டா பொறிதான்" என்றாள். அவர்களுக்கு அன்றைக்கு இது தெரியாதென்றே வைத்துக்கொள்வோம். தெரியாததற்கு உன் பேரை ஏன் இழுத்தார்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை பெரிய தெரு வழியாகப் போகிறேன், செருப்புக் காலோடு. மேஸ்திரி வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்க, நான் கண்டதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். இது உன்மேல் ஆணை.

உன் இடுப்பை விட்டு இறங்காத தங்கச்சி,
பொன்னம்மா