லாரியிலிருந்து விழுந்தவர்

மார்ச் 4

அன்புள்ள கம்பவுண்டர்,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீதான் எழுதுவதில்லையே. போன வருஷக் கடிதத்துக்கே இன்னும் பதில் பாக்கி. மருந்துக் கடையை மருமகள் கையில் கொடுத்துவிட்டாயாமே. அப்புறம் பகலெல்லாம் யாரை அதட்டிக்கொண்டிருக்கிறாய்?

நான் லிஃப்ட் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. ஆனாலும் போன் வருகிறது. "மூணாவது மாடியில நின்னுடுச்சு சார், என்ன பண்ண?" என்கிறார்கள். படியில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு வலி தாங்காமல் ஸ்கேன் எடுக்கப் போனேன். அங்கிருந்த பெண், "உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா ஐயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது இடுப்பெலும்புக்குப் பின்னால், அரை நகம் அளவுக்கு ஒரு துண்டு. முப்பத்தெட்டு வருஷமாக உள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

டாக்டர் என் ராணுவக் காகிதத்தைப் பார்த்தார். வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஷெல் விழுந்து அடிபட்டவன் நான். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்: 'வாகனத்திலிருந்து தவறி விழுந்ததில் காயம்.' அவர் சொன்னார், "லாரியில இருந்து விழுந்தா இரும்பு உள்ள போகாதே." எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போர்க்காயச் சான்றுக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்திருக்கிறேன். முன்பு இரண்டு முறையும் ஆதாரமில்லை என்று திருப்பிவிட்டார்கள். இப்போது எக்ஸ்ரே இருக்கிறது. கூடவே, காயத்தை நேரில் பார்த்த ஒருவரின் வாக்குமூலம் வேண்டுமாம். அன்றைக்குக் கட்டுப் போட்டவன் நீ. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

என் மனைவி, நீ வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
நெட்டை

●

மார்ச் 17

அன்புள்ள நெட்டை,

கடிதம் வந்தது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. கடையில் எனக்கு இப்போது மரியாதை மட்டும்தான், வேலை இல்லை. முன்னாள் வீரர் சங்கத்தில் தலைவராகப் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் மாலை போடுகிறார்கள், அதைக் கழற்றி வைக்க இடமில்லை.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். இந்த வயதில் உனக்கு எதற்கடா இந்த அலைச்சல்? சான்று வந்தால் இடுப்பு வலி போய்விடுமா? அந்தத் துண்டை எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று நல்ல டாக்டரிடம் கேள். முதலில் அதைப் பார்.

அன்றைக்கு நடந்தது எனக்கும் சரியாக நினைவில்லை. எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டேனோ. தப்பாக ஏதாவது எழுதி உன் விண்ணப்பம் கெட்டுவிடக்கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்
கம்பவுண்டர்

●

ஏப்ரல் 2

அன்புள்ள கம்பவுண்டர்,

உன் கண்ணைக் கவனி. தள்ளிப் போடாதே.

நினைவில்லை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ கட்டுப் போட்டது என் ஒருவனுக்குத்தான். மற்ற இருவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை, அவர்களும் இப்போது உயிரோடு இல்லை. சரி, வயதாகிவிட்டது, விடு.

எதற்கு அலைச்சல் என்று கேட்டாய். சொல்கிறேன். என் மச்சானை உனக்குத் தெரியும், உன் தங்கச்சியின் கூடப்பிறந்த அண்ணன். நான் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் ஆட்டோவிலிருந்து இறங்கினாலும் அவருக்கு ஒரே வசனம்தான். "பாத்து இறங்குங்க மாப்பிள்ளை, மறுபடி விழுந்துடாதீங்க." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரே சொன்னார், நீயும் இருந்தாய். நான் நொண்டுவது எதனால் என்று பேத்தி கேட்டால், தாத்தா லாரியிலிருந்து விழுந்துட்டார் என்று மகளே சொல்லிக் கொடுக்கிறாள். நானும் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். அரசாங்கக் காகிதம் ஒன்று சொல்லும்போது நான் வேறொன்று சொன்னால் பெருமை பீற்றுகிறேன் என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டனவாம். முகாமில் முதன்முதலாக எழுதிய காயச் சீட்டு மட்டும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது என்கிறார்கள். நகல் கேட்டிருக்கிறேன். எந்தக் குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் அப்படி எழுதினான் என்று பார்க்கிறேன்.

நினைவிருப்பதை எழுதி அனுப்பு. அது போதும்.

உன்
நெட்டை

●

ஏப்ரல் 17

அன்புள்ள நெட்டை,

அவர்களுக்கு அனுப்ப ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். இடது இடுப்பில் காயத்துடன் உன்னைக் கொண்டுவந்தார்கள், நான் கட்டுப் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். கூடாரத்துக்குள் இருந்ததால் காயத்தின் காரணம் எனக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பழைய சீட்டையெல்லாம் தேடி என்ன ஆகப்போகிறது?

உன்
கம்பவுண்டர்

●

மே 3

சீட்டின் நகல் நேற்று வந்தது.

கீழே இருக்கும் கையெழுத்து நம் முகாம் கேப்டனுடையது. மேலே எழுதியிருப்பது அவர் எழுத்து அல்ல. தேதியில் இருக்கும் ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. நம் கூட்டத்தில் அப்படிப் போடுகிறவன் ஒருவன்தான். உன் மார்ச் கடிதத்தையும் ஏப்ரல் கடிதத்தையும் எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் பதினேழாம் தேதி.

நீ அனுப்பிய தாளை நான் கொடுக்கவில்லை.

●

மே 10

நெட்டை,

நான்தான் எழுதினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்று நண்பகலிலிருந்து போர்நிறுத்தம். வாய்க்கால் பக்கமே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கேப்டன் அதை உங்களிடம் சொல்லவே இல்லை. முகாமில் தண்ணீர் இல்லை, உங்கள் மூன்று பேரை அனுப்பினார். நாலு மணிக்கு ஷெல் விழுந்தது. ஷெல் காயம் என்று சீட்டில் எழுதினால் எங்கே, எப்போது என்று விசாரணை வரும்.

உன்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். உனக்கு நினைவு தப்பியிருந்தது. கேப்டன் என்னை வெளியே கூப்பிட்டு, "பிழைச்சுக்குவான்ல?" என்று கேட்டார். பிழைச்சுக்குவான் சார் என்றேன். "அப்ப எப்படி எழுதினா என்ன? லாரியில இருந்து விழுந்தான்னு எழுது" என்றார். அவரிடம் பேனா இல்லை. என் பேனாவில் நான் எழுதினேன், அதே பேனாவில் அவர் கையெழுத்துப் போட்டார். என் கையில் உன் ரத்தம் இன்னும் காயவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. பயந்தேன். அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் பயந்தவன், கேப்டன் செத்துப்போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. நீ முதல் தடவை விண்ணப்பித்தபோது சொல்லியிருக்கலாம். உன் மகள் கல்யாணத்தில் உன் மச்சான் அந்த வசனத்தைச் சொன்னபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதை நீ பார்த்தாயா என்று தெரியாது. எனக்கு மட்டும் அது மறக்கவே இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போடு. உண்மையான வாக்குமூலத்தைச் சான்றுக் குழுவுக்கு நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூப்பிட்டால் நேரில் வந்தும் சொல்வேன். சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.

கம்பவுண்டர்

●

ஆகஸ்ட் 21

கம்பவுண்டர்,

சான்று வந்துவிட்டது. ஒரு தாளும் சின்னப் பெட்டியில் ஒரு பதக்கமும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தபால்காரர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவரும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணையன்று உன்னோடு நான் பேசவில்லை. ஒரே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நீ இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினாய், நான் வாங்கவில்லை. ஆனால் உள்ளே நீ பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். குழுவில் நடுவே உட்கார்ந்திருந்த அம்மாள், "தெரிஞ்சே பொய்யா எழுதினீங்களா?" என்றார். ஆமாம்மா என்றாய். "யார் சொல்லி?" என்று கேட்டார். "சொன்னது கேப்டன். எழுதினது நான்" என்றாய். செத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீ அப்படிச் செய்யவில்லை.

சங்கத் தலைவர் பதவியிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. அதில் எனக்குச் சந்தோஷமில்லை. வருத்தமும் பெரிதாக இல்லை. உள்ளதை எழுதுகிறேன்.

இப்போது ஒரு விஷயம். சான்றை வீட்டில் காட்டினேன். உன் தங்கச்சி படித்துவிட்டு, "நல்லது, வந்துடுச்சு" என்று பீரோவில் வைத்தாள். அவ்வளவுதான். அவளுக்கு அது இன்னொரு காகிதம். முன்னே ஒரு காகிதம் லாரி என்றது, இப்போது ஒரு காகிதம் ஷெல் என்கிறது. குழுவிடம் சொன்னதை நீ அவளிடமும் சொல்ல வேண்டும். உன் வாயால், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து. மச்சானையும் வரச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பத்து மணிக்கு வரும். கண் ஆபரேஷன் ஆகிவிட்டதென்றால் வா. ஆகவில்லை என்றால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு வா.

நெட்டை

●

செப்டம்பர் 6

அன்புள்ள கம்பவுண்டர்,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. மருந்துக் கடைக்காரன் என்றுதான் பேர், உன் மருந்தை நீ சாப்பிட்டதே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் கேட்டாயே, கோபம் போயிற்றா என்று. அதற்குப் பதில்: போகவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது இடுப்பில் சுரீர் என்கிறதல்லவா, அப்போது உன் ஞாபகமும் வருகிறது. குளித்து முடிப்பதற்குள் குறைந்துவிடுகிறது. இனி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்காகக் கடிதத்தை நிறுத்திவிடாதே. நீ நிறுத்தினால் இரண்டு கோபமாகிவிடும்.

கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நீ கிளம்பிய பிறகு மச்சானும் எழுந்தார். போகும்போது, "மாப்பிள்ளை, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தார். விடுங்க மச்சான் என்றேன். தெரு முனைவரை போய் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது உன் தங்கச்சி சமையலறையில் இருந்தாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே கேட்டாள்.

"அப்போ ரொம்ப வலிச்சுதா?"

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. அவள் மட்டுமா, யாருமே கேட்டதில்லை. லாரியிலிருந்து விழுந்தவனிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆமா என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வாய்க்காலில் இறங்கியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

உன்
நெட்டை